மைதா இல்லாத பாம்பே டோஸ்ட்

ஜனவரி 5, திங்கள்

பனி. எதிர்வீடே தெரியவில்லை. ரொட்டி மறுபடியும் சொதப்பல்.

பச்சரிசி மாவு ரெண்டு பங்கு. மக்காச்சோள மாவு ஒரு பங்கு. ஜவ்வரிசிப் பொடி, ஈஸ்ட், முட்டை, மெடிக்கலில் வாங்கிய இசப்கோல் உமி. குக்கருக்குள் உப்பைப் பரப்பி அதன்மேல் டின்னை வைத்து வேகவிட்டேன். நன்றாகத்தான் உப்பியது. கத்தி பட்டதும் பொலபொல. முட்டைப் பாலில் முக்கினால் உப்புமா. வீடியோவில் அந்தப் பெண் பல்லைக் காட்டிக்கொண்டு ‘குளூட்டன் ஃப்ரீ பிரெஞ்ச் டோஸ்ட், ரொம்ப ஈஸி’ என்கிறாள். அவளுக்கென்ன, ரொட்டி பாக்கெட்டில் வருகிறது. பெரம்பலூர் முழுக்க அலைந்தும் எனக்கு அது கிடைக்கவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். “நம்ம பாம்பே டோஸ்ட்டுக்கா இத்தனை பாடு? தலையெழுத்துடி.”

யார் எழுதியது என்று கேட்கவில்லை. வாயைத் திறந்தால் சண்டை.

மாவு அரைக்க மில்லுக்குப் போகக் கூடாது. கோதுமை அரைத்த மிஷினிலேயேதான் அரிசியையும் கொட்டுவான். எல்லாம் மிக்ஸி. தோள்பட்டை கழன்றுவிடும் போல.

ஜனவரி 6, செவ்வாய்

கோபம் அடங்கவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

போன வருஷம் திருச்சி டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னது: சீலியாக். கோதுமை, மைதா, ரவை ஆயுசுக்கும் கூடாது. துளி போனாலும் குடல் புண்ணாகும். சரி, விட்டேன். ஒரு மாதத்தில் முகத்தில் களை வந்தது. முகத்தில் களை வந்ததும் வரன் வந்தது. எங்கிருந்து? பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரி வீட்டிலிருந்து! லப்பைக்குடிக்காட்டில் வேறு வீடே இல்லையா?

மாப்பிள்ளை ரியாஸ். ஷார்ஜாவில் வேலை. நல்ல மனுஷன், போனில் பேசினால் தெரிகிறது. நோன்புக்கு முன்னால் நிக்காஹ்.

அம்மாவின் சட்டம்: “நிக்காஹ் முடியிற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. வியாதிக்காரின்னு பேரு வந்துச்சுன்னா அப்புறம் எவன் வருவான்?” குவைத்திலிருந்து என்னைப் பெத்த அத்தாவும், “அம்மா சொல்றதைக் கேளும்மா.”

அவர்கள் வீடு மாடியில். கீழே பேக்கரி அடுப்பு. பார்க்கப் போன அன்று மாடிப்படிக் கைப்பிடியில் கையை வைத்தேன். எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை முழுக்க வெள்ளையாக மாவு. அம்மா தன் முந்தானையால் சட்டென்று துடைத்துவிட்டாள். அங்கேதான் இனி மூச்சு விட வேண்டும்.

ஜனவரி 8, வியாழன்

வெயில் சுள்ளென்று. ரோட்டில் பாதிவரை மக்காச்சோளம் காயப் போட்டிருக்கிறார்கள். திட்டக்குடி பஸ்காரன் கத்திக்கொண்டே போகிறான்.

டோஸ்ட் சரியாக வந்துவிட்டது! முதல் நாளே ரொட்டி சுட்டு, தடியாக அறுத்து, ராத்திரி முழுக்கத் திறந்து வைத்துக் காய விட வேண்டும். முட்டை, பால், சீனி, ஏலக்காய். ஊற விடாமல் இந்தப் பக்கம் ஒரு முக்கு, அந்தப் பக்கம் ஒரு முக்கு. நெய்யில், சிறு தீயில். புதுத் தோசைக்கல், அதில் சப்பாத்தி பட்டதே இல்லை. ஓரம் மொறுமொறு, உள்ளே பஞ்சு. நின்றுகொண்டே நாலு தின்றேன். பாம்பே டோஸ்ட் தின்று ஒரு வருஷமாச்சே. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கேவலம்.

அசர் தொழுகைக்குப் பிறகு ரியாஸ் போன்.

“ஞாயித்துக்கிழமை எங்கம்மா அங்க வராங்க. நீ செய்ற பாம்பே டோஸ்ட்டைத் தின்னு பாக்கணுமாம். எனக்குச் சின்னதுலேருந்து காலையில அதான் பசியாற.”

“வரட்டுமே.”

“ரொட்டி கடையிலேருந்தே எடுத்துட்டு வருவாங்க. நீ வாங்கிடாதே.”

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

காலையிலிருந்து மேகமூட்டம். காற்றே இல்லை.

ஏற்பாடு: ரெண்டு கல், ரெண்டு கரண்டி, ரெண்டு தட்டு. பூப்போட்ட தட்டில் மாமிக்கு, அதாவது ரியாஸின் அம்மாவுக்கு, அவர் கொண்டுவந்த கடை ரொட்டி. வெள்ளைத் தட்டில் எனக்கு, நான் சுட்டது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அம்மா ரெண்டு தடவை ஒத்திகை பார்த்தாள். நிக்காஹ் வீடா, நாடகக் கொட்டகையா?

மாமி நல்லவர். அதுதான் தொல்லை. வந்ததும் சலாம் சொல்லி, கன்னத்தைப் பிடித்து, “என்ன மருமவளே, பசியாறிட்டியா?” ஒரு வாய் தின்றார். கண்ணை மூடிக்கொண்டார். “மாஷா அல்லாஹ். எம்மவன் இனி என் கை டோஸ்ட்டைத் தொட மாட்டான்.”

பிறகு பூப்போட்ட தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிட்டு என் வாய்க்கு நேரே நீட்டினார். மாமியார் கையால் மருமகளுக்கு முதல் வாய். மறுக்கிற வழக்கம் எங்கேயும் இல்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள்.

தின்றேன். ஒன்றல்ல. “வெக்கப்படாதே, வெக்கப்படாதே” என்று ஊட்டிக்கொண்டே இருந்தார். பாழாய்ப்போன ருசி, அதையும் சொல்ல வேண்டும்.

மாமி லுஹர் தொழுதுவிட்டுக் கிளம்பும் நேரம். முதலில் முதுகில் வியர்வை. அப்புறம் குடலை முறுக்கிப் பிழிகிற வலி. ஓடினேன், கொல்லைவரை போக முடியவில்லை. மாமியின் செருப்புக்குப் பக்கத்திலேயே வாந்தி.

“ஒடம்புச் சூடுங்க, வேற ஒண்ணுமில்லை. கண்ணு பட்டிருக்கும்,” அம்மா.

மாமி என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் வயிற்றைப் பார்த்தார். போய்விட்டார்.

ஜனவரி 13, செவ்வாய்

படுக்கை. கஞ்சி. உதடெல்லாம் புண்.

எதிர்வீட்டு ஜமீலாச் சாச்சி வந்தார். நலம் விசாரிக்க வந்தவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால் வேறு என்ன? கிசுகிசுதான். நான் தூங்குவதாக நினைப்பு.

“தப்பா எடுத்துக்காதே. ரொட்டி வாங்கப் போனேன், அங்க ரெண்டு பேரு பேசிக்கிறாளுவ. நிச்சயம் பண்ண பொண்ணு வாந்தி எடுக்குதாம், மாப்பிள்ளை ஷார்ஜாவுல இருக்கையிலேன்னு.”

சாச்சி போனதும் அம்மா கதவைத் தாழிட்டாள்.

வியாதிக்காரி என்ற பேர் வரக்கூடாது என்று மூடி வைத்தோம். இப்போது வந்திருக்கிற பேர் இது. அம்மா, திருப்திதானே?

(சத்தமாகத்தான் சொன்னேன். அறை விழுந்தது. அடித்துவிட்டு அவளே அழுதாள்.)

ஜனவரி 16, வெள்ளி

நிச்சயமானதிலிருந்து வெள்ளி தவறாமல் மாமி வீட்டு ரொட்டி வரும். இன்று வரவில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து தெருவெல்லாம் ஆள். எல்லோரும் எங்கள் வாசலையே பார்த்துவிட்டுப் போகிற மாதிரி. ரியாஸ் மூன்று நாளாகப் பேசவில்லை. என் குரல் மெசேஜைக் கேட்டிருக்கிறார், பதில் இல்லை.

அம்மா: “நசீபு, தலையெழுத்து, அவ்வளவுதான். சும்மா கிட.”

சும்மா கிடக்க நான் என்ன பிணமா? நாளைக்கு மாமியிடம் நானே போகிறேன். கல்யாணம் நின்றால் நிற்கட்டும். உள்ள வியாதிக்கு நிற்கட்டும், இல்லாத பழிக்கு நிற்க வேண்டாம்.

ரொட்டி சுட்டுக் காய வைத்திருக்கிறேன்.

ஜனவரி 17, சனி

மறுபடியும் பனி. முகத்தில் துணி கட்டிக்கொண்டு மாமி வீட்டுப் படியேறினேன். கீழே பன் வேகிற வாசம். அந்த வாசத்தைக் கண்டால் இப்போது பயம்.

மாமி உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன். டோஸ்ட் டப்பாவைத் திறந்து வைத்து, எல்லாம் சொன்னேன். கோதுமை ஆகாதது, திருச்சி டாக்டர், ரெண்டு தட்டு. எந்த ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் வருகிறேன், என்ன டெஸ்ட் வேண்டுமானாலும் எடுங்கள் என்றும் சொன்னேன்.

மாமி வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சிரித்தாரே பார்க்க வேண்டும்! “அட கிறுக்கச்சி! இதுக்கா ஆத்தாளும் மவளும் இத்தனை மூடி மறைச்சீங்க? சோறு திங்கிற ஊர்ல கோதுமை சேரலைன்னா என்ன குடியா முழுவிப் போச்சு? நானும் மத்தவளுவ பேச்சைக் கேட்டு...” என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டார். “மாடியில மாவு வராம தடுப்பு போட்டுடறேன். நிக்காஹ் சொன்ன தேதியில நடக்கும், இன்ஷா அல்லாஹ்.”

அழுதேன். டப்பாவிலிருந்து மாமியும் ஒரு டோஸ்ட் எடுத்தார். தின்றுகொண்டே, சும்மா பேச்சுக்குத்தான், “கண்டுபிடிக்கிற வரைக்கும் எப்படிடி இருந்துச்சு உனக்கு?”

சொன்னேன். வயிற்றால் போவது நிற்காது. கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பல். முடி கொட்டும். எப்போதும் தூக்கம்.

மாமி மெல்லுவதை நிறுத்தினார்.

“நாலு வயசுப் புள்ளைக்கும் வருமா இது?”

“ஏன் மாமி?”

“ரியாஸுக்குக் கீழே ஒருத்தி இருந்தா. சுமையான்னு பேரு, நாலு வயசுலயே போயிட்டா. நீ சொன்ன அத்தனையும் அவளுக்கும் இருந்துச்சு. கண்ணுன்னு ஓதிப் பாத்தோம், பூச்சின்னு மருந்து கொடுத்தோம். சோறு வச்சா துப்பிடுவா. ரஸ்க்கைப் பாலுல நனைச்சுக் கொடுத்தா மட்டும் இறங்கும். ஒடம்பு தேறட்டும்னு நாளெல்லாம் அதையேதான்...”

ரியாஸுக்குத் தங்கை இருந்தது எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டிலும் சொல்லாதவை இருக்கின்றன.

குழந்தைகளுக்கும் வரும், கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்று டாக்டர் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

“தெரியலை மாமி,” என்றேன்.

மாமி தன் வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “அன்னைக்கு உனக்கும் இந்தக் கையாலதானே ஊட்டினேன்,” என்றார். நான் எழுந்து வந்தபோதும் தலை நிமிரவில்லை.

வீட்டில் அம்மாவுக்குக் கொண்டாட்டம். அத்தாவுக்குப் போன். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

பனி விலகவே இல்லை. ஜமீலாச் சாச்சி வெறும் பையோடு திரும்பி வந்தார். “பேக்கரி தொறக்கலை. அந்தம்மாவோட மாமனாரு மவுத்தாகி அடக்கம் பண்ண அன்னைக்குக்கூட தொறந்திருந்துச்சே!”

அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “நிக்காஹ் நடக்கும்னு சொன்னாங்கன்னியே. வேற என்னடி சொன்னே அங்க?”

பத்து மணிக்கு ரியாஸ் போன். குரல் அவர் குரலாகவே இல்லை.

“அம்மா அடுப்பை அணைச்சுட்டாங்க. மாஸ்டரை வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. யாருகூடவும் பேச மாட்டேங்குறாங்க. எனக்குப் போன் போட்டு, நீ வந்து பேசினதைச் சொல்லிட்டு ஒண்ணுதான் கேட்டாங்க. சுமையா உன்கிட்டயும் பன்னு வாங்கித் திம்பாளாடான்னு.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“திம்பா. அழுதா என் பன்னைத்தான் கொடுப்பேன். உடனே அழுகையை நிறுத்திடுவா. எனக்கு அப்ப ஏழு வயசு, நஸ்ரின்.”

கல்யாணத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

“அம்மாகிட்ட தெரியலைன்னு சொன்னியாமே. டாக்டர் என்ன சொன்னாரு? என்கிட்ட மறைக்காதே.”

சொன்னேன்.

லைன் கட்டாகவில்லை. அந்தப் பக்கம் வண்டிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.