வரவேற்புச் செய்தி இரண்டு முறை வருகிறது

மார்ச் 3, காலை 9:10

காற்று சீர். நீர் சீர். மின்சாரம் சீர். பதிபவர் ஆக்னஸ் ரொட்ரிகோ, நிலவுத் தென்முனைப் பனி அகழ்வு நிலையத்தின் கணினிப் பொறியாளர்.

சர்வரில் ஒரு சிறு கோளாறு. உள்நுழைந்ததும் வரும் வரவேற்புச் செய்தி இரண்டு முறை வருகிறது. "கூடாரம் சீர். பம்பு அறை இயக்கி தொடங்கியது." அதே இரண்டு வரிகள், உடனே மறுபடி அதே இரண்டு வரிகள். லினக்ஸில் இது பழகிய தொல்லைதான். இணைப்பை ஏற்கும் சேவையும் செய்தியைக் காட்டும், பயனரைச் சரிபார்க்கும் பகுதியும் காட்டும். ஒன்றின் வாயை அடைத்தால் போதும். அடைத்தேன். இப்போது ஒரு முறைதான் வருகிறது.

இந்த அற்ப வேலையை ஏன் பதிகிறேன் என்றால், கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. நான்கு நாள் முன்பு நிலம் அதிர்ந்து, நாங்கள் வசிக்கும் கூடாரத்துக்கும் பம்பு அறைக்கும் நடுவே இருந்த சுரங்கவழி இடிந்தது. இங்கே இருந்தது நாங்கள் இருவர்தான். புகாரி அந்தப் பக்கம் போயிருந்தான். செய்யது புகாரி, காயல்பட்டினத்துக்காரன், அகழ்வுப் பொறியாளர். அவன் கழற்றி மாட்டியிருந்த கவச உடை சுரங்கவழியோடு போயிற்று. பேச்சுக் கம்பி அறுந்துவிட்டது. இறந்துவிட்டான் என்று பூமியில் இருக்கும் தரைநிலையம் பதிந்துகொண்டது. என்னை அழைத்துப் போகக் கலம் 9ஆம் தேதி அங்கிருந்து புறப்படுகிறது.

மார்ச் 4, காலை 8:30

மறுபடி இரண்டு முறை.

நேற்றுச் செய்த மாற்றம் அப்படியேதான் இருக்கிறது. செய்திக் கோப்பைத் திறந்து பார்த்தேன். கோப்புக்குள்ளேயே இரண்டு பிரதிகள். ஒன்றை அழித்தேன்.

பகல் 2:00. மறுபடி இரண்டு. அழித்தேன்.

தரைநிலையத்தில் தணிகாசலம் சார் பணியில் இருந்தார். காப்புப் பிரதி எடுக்கும் நிரல் பழைய கோப்பைக் கொண்டுவந்து ஒட்டுகிறதோ என்று கேட்டார். இருக்கலாம். அந்த நிரலை நிறுத்தி வைத்தேன்.

மார்ச் 5, காலை 8:15

ஐந்து பிரதிகள்.

காப்பு நிரல் ஓடவில்லை. உள்நுழைந்தோர் பட்டியலில் என் பெயர் மட்டும். அந்தக் கோப்பில் எழுதும் உரிமை எந்தெந்த நிரலுக்கு உண்டு என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒன்றே ஒன்றுக்குத்தான் உண்டு. பம்பு அறையில் இருக்கும் இயக்கிக் கருவி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் சர்வருக்குத் தகவல் அனுப்பும், உடனே செய்தி புதிதாக எழுதப்படும். பழையதை அழித்துவிட்டு எழுத வேண்டும். யாரோ அவசரத்தில் எழுதிய நிரல், அழிக்காமல் கீழே சேர்த்துக்கொண்டே போகிறது.

அதாவது, ஒவ்வொரு கூடுதல் பிரதிக்கும் பம்பு அறைக் கருவி ஒரு முறை அணைந்து எரிந்திருக்கிறது.

நிலத்தடியில் போகும் பழைய கம்பி அறுபடவில்லை போலிருக்கிறது. தணிகாசலம் சாரிடம் சொன்னேன். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் கருவி தானாகவே அணைந்து எரியும் என்றார். நியாயம்தான். மேசைக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் இன்று நான் பிரதியை அழிக்கவில்லை.

மார்ச் 6, முற்பகல் 11:00

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் நிதானமாகப் படியுங்கள். நான் நிதானமாக இல்லை.

கருவி தொடங்கிய நேரங்களை வரிசையாக எடுத்தேன். ஒரு நாளைக்கு ஐந்து. விடியலில் ஒன்று, நண்பகல் தாண்டி ஒன்று, பிற்பகல், அந்தி, இரவு. நேற்றும் அப்படியே. அதற்கு முந்தைய நாளும். நிமிடங்கள் மட்டும் சற்று முன்பின். நிலையக் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடுகிறது.

நிலவில் எதைப் பார்த்துத் தொழுவாய் என்று வந்த புதிதில் புகாரியிடம் கேட்டிருக்கிறேன். "எங்க ஊர்ல பாங்கு சொல்ற நேரத்துக்குத் தொழுதுக்குவேன்க்கா, பெருசா யோசிக்கல" என்றான். ஐந்து வேளையும் கடிகாரத்தைப் பார்த்து எழுந்து போவான். அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

மின்னழுத்தம் தொழுகை நேரம் பார்த்து ஏறி இறங்காது.

அங்கே விசைப்பலகை இல்லை. திரை இல்லை. கருவியின் மேல் ஒரு சுவிட்ச் இருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 6, முற்பகல் 11:40

பம்பு அறைக்குப் போகும் மின்சாரத்தை இங்கிருந்து ஒரு நொடி நிறுத்தி மறுபடி கொடுத்தேன். கோப்பில் ஒரு பிரதி கூடியது. அது என்னுடையது.

காத்திருந்தேன்.

இன்னொன்று கூடியது. உடனே இன்னொன்று. அந்த இரண்டும் என்னுடையவை அல்ல.

திரையைக் கையால் மூடிக்கொண்டு அழுதேன். அவன் உயிரோடு இருக்கிறான். பனியிலிருந்து நீரும் பிராணவாயுவும் எடுக்கிற அறை அது. ஆபத்துக் கால உணவுப் பெட்டியும் உண்டு. தீர்ந்துபோவது, மூச்சில் வெளிவரும் கரிவளியை உறிஞ்சும் டப்பாக்கள்தான். அங்கே இரண்டு இருந்தன. ஒரு வாரம் தாங்கும், மிஞ்சினால் பத்து நாள்.

மார்ச் 7, மாலை 4:20

தரைநிலையம் ஏற்கவில்லை.

கலத்தில் ஓர் இருக்கை. இன்னொன்று வைத்தால் அந்த எடைக்கு எரிபொருளைக் குறைத்துக் கணக்கை மாற்ற வேண்டும். சுவிட்ச் அணைந்து எரிவதை வைத்து அதைச் செய்ய மாட்டோம், ஆள் உயிரோடிருப்பதற்குச் சான்று வேண்டும் என்கிறார்கள். இருக்கையை மாற்ற நாளை மாலை வரைதான் நேரம். தணிகாசலம் சார் எனக்காகக் கத்திப் பார்த்தாராம். குரல் கம்மியிருந்தது.

"நான் நம்புறேன்மா. ஆனா என் கையில இல்ல. நீ வெளிய மட்டும் போயிடாத. பம்பு அறை வெளிக்கதவு மேல பாறை கிடக்குது. திரும்பி வரக் காத்து பத்தாது."

கணக்கு எனக்கும் தெரியும். இடிவில் விழுந்த பள்ளத்தைச் சுற்றிப் போக உடையில் இருக்கும் காற்றில் பாதி. திரும்ப மீதி. பாறையை நகர்த்த ஒன்றும் மிஞ்சாது.

மார்ச் 8, பகல் 1:30

நண்பகல் தொழுகை நேரம் தாண்டிவிட்டது. பிரதி கூடவில்லை.

மின்சாரத்தை ஒரு நொடி நிறுத்தி மறுபடி கொடுத்தேன். என்னுடையது மட்டும் வந்தது. மறுபடி செய்தேன். என்னுடையது மட்டும்.

போகிறேன். திரும்பி வரும் கணக்கை விட்டுவிட்டேன். கதவு திறந்தால் உள்ளே காற்று இருக்கிறது. ஆறு டப்பாக்களும் உணவும் வண்டியில் கட்டியிருக்கிறேன். இனிப் பேசுவதெல்லாம் உடையின் வானொலி வழியாக இங்கே பதிவாகும்.

மார்ச் 8, மாலை 4:05, குரல்பதிவு

பம்பு அறைக்கு வந்துவிட்டேன். வெளிக்கதவின் முன்னால் இடுப்பு உயரத்துக்குக் கற்கள். சிறியவற்றைக் கையால் தள்ளுகிறேன். பெரியது ஒன்று. கம்பியை நெம்புகோலாக வைத்து...

திரும்பச் சொல்லி சார் கெஞ்சுகிறார். திரும்பும் அளவைத் தாண்டிவிட்டேன் சார். இனிச் சொல்லிப் பயனில்லை.

மாலை 4:50, குரல்பதிவு

வெளிக்கதவு திறந்தது. இரண்டு கதவுகளுக்கும் நடுவே, காற்றில்லாத இடைவழியில் நிற்கிறேன். உள்கதவில் கம்பியால் தட்டினேன். எதுவும் கேட்காது இங்கே. கையுறையை விரித்துக் கதவில் வைத்துக்கொண்டேன்.

புகாரி. டேய்.

உள்ளங்கையில் அதிர்கிறது. மெதுவாக. மறுபடியும்.

மாலை 5:35, குரல்பதிவு

இரும்புச் சுவர். உள்ளேயிருந்து வானொலி எட்டவில்லை. சொல்வதற்காக மறுபடி வெளிக்கதவுக்கு வந்தேன். உடையில் கொஞ்சம்தான் காற்று இருக்கிறது.

"சார், பாத்துட்டேன். உயிரோட இருக்கான். கதவுகிட்டயே கிடந்தான், சுவிட்ச் வரைக்கும் போக முடியல. புது டப்பா போட்டேன். கண்ணத் தொறந்தான். 'தண்ணி இருக்குக்கா, மூச்சுதான் முட்டுது'ன்னு பேசினான். ரெண்டு இருக்கை வேணும் சார்."

"ஆக்னஸ்... சரியா விழல... தொடர்புக்கோள் கீழ எறங்குது... எத்தனைன்னு திரும்பச் சொல்லு..."

"ரெண்டு இருக்கை. ரெண்டு பேர் இருக்கோம். புகாரியும் நானும்."

"...ஒருத்தர்னுதான் இங்க கேட்டுச்சு... திரும்ப..."

"ரெண்டு சார். ரெண்டு பேர். கேக்குதா? ரெண்டு"