சுவருக்கு அந்தப் பக்கத்து மண்

அக்கா,

இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் என் கையில் மண்வாசம் போகவில்லை. பதினைந்து வருடம் சிமெண்ட்டுக்கு அடியில் கிடந்து நேற்று வெளிச்சம் பார்த்த மண். புளித்த மாவும் ஈரச் சாக்கும் கலந்தது போல ஒரு வாசம். அதோடேயே எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம் செண்பகம் பிழைத்துக்கொள்ளும் அக்கா!

நீங்கள் கண்மூடிய பிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது. உச்சிக் கிளைகள் காய்ந்தன. வருடா வருடம் முதல் பூ பூத்த நாளைச் செலவு நோட்டின் ஓரத்தில் குறித்து வைப்பேன் இல்லையா, இரண்டு வருடமாக அந்த ஓரம் வெறுமையாகக் கிடக்கிறது. பெரிய கிளையோ சுவரைத் தாண்டி உங்கள் கூரைமேல் சாய்ந்து நிற்கிறது. உங்கள் மகன் இப்போது இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறான். போன மாதம் வந்து நின்றான்.

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம ஊட்ல வந்து தூங்கறவங்க தலைமேல அது விழுந்தா நான் என்ன பதில் சொல்றது? மழைக்கு முன்னாடி வெட்டிருங்க. நானும் சுவரோரமா சிமெண்ட் போட்டு காரு நிறுத்த எடம் பண்ணோணும்."

அவன் கேட்டதில் தப்பே இல்லை. மரத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் யாரையாவது கூட்டி வந்து ஒரே ஒரு தடவை காட்டிவிடுகிறேன் என்று கெஞ்சித்தான் தவணை வாங்கினேன்.

சேலத்திலிருந்து நேற்றுக் காலை வந்தார்கள். வயதான மரங்களைச் சோதித்து வைத்தியம் பார்ப்பதுதான் அவர்கள் தொழிலாம். முன்னால் வந்தது ஒரு பெண், என் மகளுக்கும் இளையவள். கோடாரியோடு வருவார்கள் என்று பயந்துகொண்டிருந்தால், அவள் கையில் ஒரு மரச் சுத்தியல்தான் இருந்தது. டாக்டர் முதுகில் தட்டிப் பார்ப்பது போல அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். பிறகு குனிந்து, தூரைச் சுற்றி நான் கட்டிய பிள்ளையார் மேடையைப் பார்த்தாள்.

"ஏனுங்கம்மா, இத யாரு கட்டுனது?"

"நான்தான். மகளுக்குக் கல்யாணம் கூடுனா கட்றேன்னு வேண்டுதல்."

"சாமி மேல குத்தமில்லீங்க. ஆனா முழங்கால் ஒசரம் மண்ணக் கொட்டி மேல சிமெண்ட்டும் பூசிட்டா, மரத்துக்கு மூச்சு முட்டுமுங்களே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடையின் பூச்சு காயும் முன்பே, சுவருக்கு மேலே தலையை நீட்டி நீங்கள் கேட்டதும் இதைத்தானே. "ஏன் கண்ணு, இப்படி மூடுனா மரத்துக்கு மூச்சு முட்டாதா?" நான் என்ன சொன்னேன்? "எங்க சாமி விசயம். நீங்க பேச வேண்டாங்க." பள்ளிவாசல் குடும்பத்து அம்மா என் பிள்ளையாரைப் பற்றிப் பேசுவதா என்று எனக்கு ரோஷம். நீங்கள் பேசியது மரத்தைப் பற்றி.

இரண்டு மாதம் நான் சுவர்ப் பக்கமே போகவில்லை. கடைசியில் நீங்கள்தான், ஒன்றுமே நடக்காதது போல, "பாய் ஒன்னு குடு கண்ணு, மிளகு காய வெக்கோணும்" என்று கூப்பிட்டீர்கள். பாயைக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் இருந்தது; கேட்கவில்லை.

நேற்று பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டி, "கொஞ்ச நாளைக்கு உள்ள வந்து இருங்க சாமி" என்று சொல்லித் தூக்கிப் பூஜை அறையில் வைத்தேன். முதல் உளியடி நான்தான் அடித்தேன். வேர் காயப்படாமல் மெல்ல மெல்லப் பெயர்த்தார்கள். தூரின் பட்டை ஊறிக் கறுத்திருந்தது. ஒரு வேர் வெளியே போக வழியில்லாமல் அடிமரத்தையே சுற்றி இறுக்கியிருந்தது. அதை அறுத்தெடுத்தபோது எனக்கே நெஞ்சு லேசானது. கயிற்றில் ஏறிய இருவர் உங்கள் கூரைப் பக்கத்துக் கிளையின் பாரத்தைக் குறைத்து, தடித்த கம்பிவடத்தால் நடுமரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள்.

பிறகு அந்தப் பெண் உங்கள் வீட்டுப் பக்கம் போனாள். பின்னாலேயே நானும் ஓடினேன். நீங்கள் சருகைக் கூட்டிக் குவித்துவந்த சுவரோரத்தைக் கிளறினாள். உள்ளே பொலபொலவென்று கறுப்பு மண். அதற்குள் நூல் நூலாக வெள்ளை வேர்கள், எத்தனை எத்தனை!

"அம்மா, இங்க வாங்க! உங்க மரம் இத்தன நாளு சாப்பிட்டது இங்கதானுங்க. இந்தப் பக்கமும் சிமெண்ட் இருந்திருந்தா எப்பவோ போயிருக்கும்."

நான் வாய்விட்டுச் சிரித்துக் கை தட்டிவிட்டேன் அக்கா. "அத்தை, மெல்ல! அடுத்து உங்களுக்கு வைத்தியம் பாக்கற மாதிரி ஆயிரும்" என்றான் உங்கள் மகன். சொன்னவன் அந்தப் பெண்ணிடம் திரும்பினான்.

"ரெண்டு தடவ இங்க மணல், ஜல்லி எறக்குனேனுங்க. ரெண்டு தடவையும் அம்மா திருப்பி அனுப்பிச்சிட்டாங்க. சேத்துல வண்டி நிறுத்தச் சொல்றீங்களேன்னு நொம்ப சண்டை போட்டேன். 'அந்த மண்ணு அப்படியே இருக்கட்டும்டா'ன்னாங்க. வேற ஒன்னுஞ் சொல்லல."

தெருவே வாசல், கொல்லை என்று சிமெண்ட் பூசிக்கொண்டபோது நீங்கள் மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. சோம்பல் என்றுகூட நினைத்திருக்கிறேன். உங்கள் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் உங்களைப் பேசிய பேச்சையும் விடாமல். அவன் குனிந்து, கிளறிய மண்ணை அந்த வேர்கள்மேல் தள்ளி மூடினான். "காரு ரோட்டோரமே நிக்கட்டும் அத்தை" என்றான்.

பூப்பதற்கு நாளாகும், அவசரப்படக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் அந்தப் பெண். ஆகட்டுமே! இன்று காலை எங்கள் வாசல் சருகை வழக்கம்போல் கொளுத்தவில்லை. கூடையில் அள்ளிக்கொண்டு சுற்றி வந்து, உங்கள் சுவரோரத்தில் கொட்டிப் பரப்பினேன். உங்களிடம் கேட்க வேண்டியதை இனிக் கேட்க வழியில்லை. இந்தக் கூடையை மட்டும் நாளைக்கும் சுமந்து வருவேன், மறுநாளும் வருவேன்.