எல்லோரும் தங்கபுஷ்பம்

அன்புள்ள தங்கபுஷ்பத்துக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். மாமாவுக்கு இருமல் குறைந்ததா? நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய். இது மாமா காதில் விழ வேண்டாம் என்றுதான் கடிதம்.

உன் பெயர் பழைய பெயர் என்று அலுத்துக்கொள்வாயே, போன வாரம் அது மாங்காட்டில் புகழ் பெற்றது. அங்குள்ள ஒரு பல் கிளினிக்கின் இணையப் பக்கத்தில், நோயாளியின் பெயரில் பிழை இருந்தால் திருத்தும் வசதியை நான் எழுதினேன். சோதித்துப் பார்க்க, முதலில் நினைவுக்கு வந்த பெயரைத் தட்டினேன். யாருடைய பெயரை மாற்றுவது என்று கட்டளையில் சொல்ல மறந்துவிட்டேன். கீழ்ப்படிதலுள்ள கணினி எல்லோருடைய பெயரையும் மாற்றிவிட்டது.

வரவேற்பிலிருந்து அஞ்சலை அக்கா கூப்பிட்டார். "இன்னா சார், மீசை வெச்சவன்கூட தங்கபுஷ்பமா கீறான்! யாரை உள்ள அனுப்புறது?"

முந்தின நாள் எடுத்துவைத்த நகலிலிருந்து அவரவர் பெயரைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் என் வேலையை நிரந்தரமாக்குவதா என்று இந்த மாதம்தான் முடிவுசெய்கிறார்கள். அது நடந்தால்தான் நமக்கு அயனம்பாக்கத்தில் வீடு. எங்கள் கம்பெனி முதலாளி எத்திராஜ் சார் அழைத்தார்.

"யாருப்பா அது தங்கபுஷ்பம்?"

"என் ஒய்ஃப் சார். ஊர்ல இருக்காங்க."

சார் சிரித்துவிட்டார். "வேலை கன்ஃபார்ம். சீக்கிரம் அவங்களக் கூட்டிக்கினு வா. இல்லாங்காட்டி என் கஸ்டமருங்க தாங்க மாட்டாங்க."

பருப்புப்பொடியும் தலையணை உறையும் பார்சலில் அனுப்பச் சொல்லியிருந்தேன் அல்லவா? அனுப்பாதே. நீயே எடுத்துக்கொண்டு வா. உறை இரண்டாக இருக்கட்டும்.

ஆபீஸ் போகும் பஸ் வந்துவிட்டது.

உன்
ரூபஸ்