அம்மா போட்ட கோணல் பாதை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதேபோல் இருக்க வேண்டும், குழந்தைக்குச் சளி விட்டதா என்று மறக்காமல் எழுது. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அவளைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொன்னால் போதும், கையிலிருந்து வாங்கி வைத்துவிடுகிறாள். இந்த முறை நிறையப் புகழ வேண்டியிருக்கிறது, அதனால் தையல் மிஷின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், மருந்து அதை மெதுவாக்கும், போனது திரும்பாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று நீ அழுதாய். அவள் உன்னிடம் தவணை கேட்டாள். நீ லீவில் வரும்போது யார் துணையும் இல்லாமல் அவள் இந்த வீட்டில் நடமாட வேண்டும், முடியாவிட்டால் மறுபேச்சில்லாமல் உன்னோடு கிளம்ப வேண்டும், அதுதானே பேச்சு. மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டாள். ஆள் வைத்துச் செய்யலாம் என்றேன், ஆளுக்குக் கொடுக்கிற காசில் இன்னொரு வீடே கட்டிவிடலாம் என்றாள். உன் அம்மா கல்லில் நார் உரிப்பவள் என்பது உனக்குத் தெரியாததா. சைக்கிள் கடைக்காரர் தூக்கிப்போட இருந்த பழைய டயரைக் கேட்டு வாங்கி, பட்டை பட்டையாக வெட்டி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஆணி அடித்துவிட்டாள், இப்போது காலுக்கே படி தெரிகிறது. என் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்து, சமையலறை டப்பாக்களில் உப்புக்கு ஒரு பொத்தான், சர்க்கரைக்கு இரண்டு என்று ஒட்டினாள். நல்ல கோட்டுப் பொத்தான்கள் எல்லாம் போச்சு. சுவருக்கு வெள்ளை அடித்தாள். கதவுகளுக்குப் பெயிண்டர் வீட்டில் மிச்சமிருந்த டப்பாக்களை ஒன்றாகக் கலக்கி அடித்தாள், அது நீலமும் இல்லை பச்சையும் இல்லை, எதிர்வீட்டுக்காரர் சிரிக்காத நாள் இல்லை. ஆனால் வெள்ளைச் சுவரில் கதவு எங்கே இருக்கிறது என்று இப்போது அவளுக்குத் தடுமாற்றம் இல்லை, சிரிக்கிறவர் சிரிக்கட்டும்.

தோட்டத்துக்கு வருகிறேன். தெருமுனையில் ஒரு வீட்டை இடித்தார்களே, அந்த மேஸ்திரியைத் தினமும் போய் நச்சரித்தாள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், பழைய தண்ணீர்க் குழாயும் உடைந்த செங்கலும் தரை ஓடுகளும் தள்ளுவண்டியில் வந்து இறங்கின. குழாயைச் சுற்றுச்சுவரில் கைப்பிடியாகப் பொருத்தி, அதை ஒட்டியே பாதை போட்டாள். தண்ணீர்க் குழாயடி வரைக்கும் வழவழப்பான ஓடு, அதற்குமேல் சொரசொரப்பான செங்கல். திரும்புகிற இடத்தில் புதினா, கடைசியில் எலுமிச்சை, மூக்கும் சும்மா இருக்கக் கூடாதாம். பாதை மட்டும் பாம்பு போனதுபோல் சுவர் வளைகிற இடமெல்லாம் வளைந்து வளைந்து அதோடு போனது. ஆயுசெல்லாம் துணியில் சாக்குக்கட்டியால் நேர்கோடு போட்டே பிழைத்த தையல்காரன் நான், எனக்கு அது பொறுக்கவில்லை. அவள் கண் ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு நாள், உதவி செய்கிறோம் என்ற நினைப்பில் ஓடு, செங்கல் எல்லாவற்றையும் பெயர்த்து, நூல் பிடித்து, தோட்டத்தின் நடுவே நேராகப் போட்டு வைத்தேன். வந்தவள் பின்பக்கம் போனாள், கையை நீட்டினாள், சுவரிலிருந்த கைப்பிடி எட்டவில்லை. துவைக்கிற கல்லில் முட்டி இடித்து உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தாலும் தேவலை. முட்டியைத் தடவிக்கொண்டே, "உங்க கண்ணுக்கு நேராத்தாங்க இருக்கு, என் கைக்குத்தான் வழி தெரியல" என்றாள்.

அவள் உள்ளே போனபிறகு ஒரு துண்டுத் துணியை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு நானே நடந்து பார்த்தேன். போன வேகத்தில் ரோஜாச் செடிக்குள் விழுந்தேன், முழங்கையெல்லாம் முள். மறுநாள் காலையில் இருவரும் உட்கார்ந்தோம், நான் செங்கலை எடுத்துக் கொடுக்க அவள் பழையபடியே கோணலாகப் பதித்தாள். எங்கே வளைய வேண்டும் என்று இப்போது எனக்கும் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை கண்ணில் சொட்டு மருந்து விட்டு அனுப்பியிருந்தார்கள், அன்றைக்கு முழுதும் அவளுக்கு எல்லாம் புகைமூட்டம்தான். மதியம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துக் கொடியில் துணி கிடக்கிறதே என்று நான் குடையைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அதற்குள் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று போய், மொத்தத் துணியையும் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டாள். என் சட்டையைக் கையில் கொடுத்து, குடை கிடைச்சுதா என்று கேட்டாளே பார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இவள் எவ்வளவு பெரிய ஆள் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. என் பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், கண் இன்னும் மங்கும், அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் இங்கே அவளுக்கு எல்லாம் தெரியும், உன் வீட்டில் அவள் எதைத் தொட்டாலும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும். அங்கே எங்களுக்கென்று ஒதுக்கிய அறையைக் குழந்தை விளையாடக் கொடுத்துவிடு. நீ வந்து உன் கண்ணால் பார்த்தே தீர்ப்புச் சொல், நான் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தையைக் குளிரில் வெளியே விடாதே. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசி. ஒன்று மட்டும் மறக்காதே. சின்ன வயசிலிருந்தே உள்ளே வரும்போது செருப்பை நடுவாசலில் உதறிப்போடுவது உன் வழக்கம். இந்த முறை சுவரோரமாகக் கழற்றி வை, நடுவாசல் அம்மா நடக்கிற வழி.

இப்படிக்கு,
உன் அப்பா