ஆளில்லாத வீட்டுக்கு ஒரு ஏக்கர்

செப். 15, 1997, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடையைப் பஸ்ஸிலேயே விட்டு இறங்கிவிட்டேன். நடத்துனர் விசில் அடித்து நிறுத்திக் கையில் கொடுத்தார். நல்ல மனிதர்.

திருக்காட்டுப்பள்ளிக்குத் தெற்கே செம்பாறை மேடு. அங்கே நிலநடுக்கப் பதிவு நிலையம் வரப்போகிறது. அதற்காக மேட்டை ஒட்டிய ஒரு ஏக்கர் நஞ்சையை எடுக்க நோட்டீஸ். நிலம் அஞ்சம்மாளுடையது. நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்து, கழக ஆட்சியில் பட்டா கொடுத்தது. அந்தப் போராட்டத்தில் அவர் கணவர் சிறை போனதை அப்போது பத்திரிகையில் நான்தான் எழுதினேன். அவர் இப்போது இல்லை.

நோட்டீஸில் ‘தரிசு’ என்று இருக்கிறது. நாற்றங்காலிலோ நாற்று பச்சைப்பசேல். பத்து நாளில் பறித்து நடாவிட்டால் முற்றிப்போகும். நடக்கூடாது என்று தாசில்தாரின் வாய்மொழி உத்தரவு.

“குடுத்ததும் சர்க்கார், புடுங்குறதும் சர்க்கார். நடுவுல நான் எதுக்குங்க சார், நாத்து விட்டுக்கிட்டு?”

சொல்லிவிட்டு அஞ்சம்மாள் மோர் கொடுத்தார். குடித்தேன்.

செப். 17, புதன்

வாங்க வேண்டியவை: பேனா மை, இருமல் மருந்து, செருப்புக்கு வார்.

தாலுகா ஆபீசில் நிலையத்தின் வரைபடம் பார்க்கக் கிடைத்தது. கருவி அறை மேட்டின் மேல். அஞ்சம்மாள் வயலில் வருவது: ஊழியர் வீடு, கழிப்பறை, மண்ணெண்ணெய் அறை, புகையறை, ஜீப் பாதை.

புகையறை. பல வருஷம் முன்பு வேறோர் ஊர் நிலநடுக்க நிலையத்தில் பார்த்தது. வழவழப்பான தாளை உருளையில் சுற்றி விளக்குப் புகையில் கறுப்பாக்குவார்கள். உருளை மெல்லச் சுழலும். ஊசி கரியைச் சுரண்டி வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டே போகும். தினமும் காலையில் தாளை மாற்றி, கரி கலையாமலிருக்க அரக்குக் கரைசலில் முக்கிக் காயப்போட வேண்டும். அதற்காக ஓர் ஊழியர் அங்கேயே குடியிருந்தார். தும்மல் வந்தால் வெளியே ஓடுவார்.

செப். 19, வெள்ளி

வெயில். இருமல் பரவாயில்லை.

மேட்டில் ஆய்வாளர் மீனாட்சி. சென்னையிலிருந்து, இடத்தைச் சோதிக்க வந்தவர். லாத்தூர் பூகம்பத்துக்குப் பிறகு எல்லாம் டிஜிட்டலாக மாறுகிறதாம். குழிக்குள் கருவி. அசைவை எண்களாக்கிப் பெட்டி சேர்த்துவைக்கும். டெலிபோன் கம்பி வழியே சென்னையில் எடுத்துக்கொள்வார்கள்.

“தாளே கிடையாது சார். மாசம் ஒரு தடவை பேட்டரி பாக்க ஆள் வந்தா போதும்.”

அஞ்சம்மாளும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப இங்க ஆளே இருக்க மாட்டாங்களாம்மா?”

“மாட்டாங்கம்மா.”

“ஆளில்லாத வூட்டுக்குக் கக்கூஸ் எதுக்கு? பூகம்பமா வந்து குந்தப் போவுது?”

மீனாட்சி சிரித்தார். பிறகு, “எந்த வீடும்மா?”

வரைபடத்தில் பார்த்ததை நான் சொன்னேன். அவர் அதைப் பார்த்ததே இல்லை. தாள் உருளைக் காலத்து நிலையத்துக்குப் போட்ட பிளான். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

“எனக்கு மேட்டுல ஒரு குழி போதும் சார். ரோடு வேணவே வேணாம், ஜீப் போனா அதுவும் பதியும். பக்கத்துல வயல் இருக்குறதுதான் நல்லது.” மதியச் சாப்பாட்டைக்கூடப் பார்க்காமல் தாசில்தாரிடம் கிளம்பிவிட்டார்.

செப். 23, செவ்வாய்

பல்வலி. கிராம்பு.

என் செய்தி இரண்டு பத்தி. அச்சில் நாலு வரி. போதும், வந்ததே.

மாலை தாசில்தாரே போன். நில எடுப்பு நிறுத்தம், நடவுக்குத் தடையில்லை. “வந்த பிளானை அப்படியே மேல அனுப்பிட்டோம் சார். பெருசா எழுதாதீங்க.”

இத்தனை வருஷத் தொழிலில் இப்படி முடிந்த நிலத் தகராறுகள் சொற்பம். மீனாட்சிக்கு நன்றி. அந்தக் கழிப்பறையை மறக்காமல் வரைந்துவைத்த முகம் தெரியாத மனிதருக்கும்.

செப். 25, வியாழன்

நடவு. மேகமூட்டம், நல்ல காற்று. முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன்.

மேட்டில் மீனாட்சியின் சோதனைப் பெட்டி. மடிக்கணினித் திரையில் ஒரு கோடு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று துள்ளியது.

“பூகம்பமா?”

“பின்னாடி பாருங்க சார்.”

வயலில் சேற்றைச் சமன்செய்யப் பரம்பு இழுத்துக்கொண்டிருந்த மாடுகள் மேடேறி வந்து நின்றன. ஓட்டி வந்த அஞ்சம்மாள் சேற்றுக் காலோடு திரையை எட்டிப் பார்த்தார்.

“நாங்க பரம்படிச்சது இதுல விழுந்துச்சாம்மா?”

“விழுந்துருக்கும்மா. தேதி, நேரம் எல்லாம் இருக்கு.”

“பேரு?”

“பேரு விழாதும்மா.”

“தேதி போதும். சர்க்கார் பொட்டியே பாத்துருச்சு. இனிமே தரிசுன்னு எவன் எழுதுறான், பாக்குறேன்.”

மாடுகளைத் திருப்பிக்கொண்டு இறங்கினார். பாதி வயல் பாக்கி.