டச்சிங் செய்யாத படம்

9 பிப்ரவரி 1986

என் அப்பா தன் மூத்த மகளை ஒரு சொம்புத் தண்ணீருக்குக் காட்டிக் கொடுத்தார்.

பெண் பார்க்க மொரீஷியஸிலிருந்து வந்தவள் லோகநாயகி அம்மாள். மாப்பிள்ளை ரகுநாதனின் அத்தை. நான்கு தலைமுறைக்கு முன் நூம்பலிலிருந்து கரும்பு வெட்டக் கப்பலேறிய குடும்பம். அப்பாவும் நூம்பல்காரர் என்பதால் ஆவடி டாங்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வரை தேடி வந்துவிட்டார்கள். பத்மா அக்காவைப் பாடச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லவில்லை. பின்னலை அவிழ்க்கச் சொன்னாள். உச்சியில் தண்ணீரை ஊற்றினாள். முடி காயும்வரை காபி குடித்தபடி காத்திருந்தாள்.

சுருளவில்லை.

"பயமில்லை," என்றாள். கோயில் வகுப்பில் படித்த புத்தகத் தமிழ். "எங்கள் தீவில் முன்பு ஆப்பிரிக்க அடிமைகள் இருந்தார்கள். அவர்களை விடுதலை செய்த பிறகு அதே குடிசைகளில் நம்மவர்களை வைத்தார்கள். ஆகவே எந்த ஊர்ப் பெண்ணானாலும் முடியைப் பார்ப்போம். யார் இரத்தம் என்று முடி சொல்லிவிடும்."

நான் வாயைத் திறந்தேன். "வடிவு, உள்ள போ," என்றார் அப்பா. டாங்கிக்கு வெல்டிங் வைக்கிற கை, காபி டம்ளரை ஏந்திக்கொண்டு நின்றது.

அக்கா ஈரத்தலையோடு உள்ளே வந்து, "எண்ணெ தேய்க்காமலே தல முழுகிட்டேன்டி," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

12 பிப்ரவரி

அந்தம்மாள் இன்று நான் வேலை செய்யும் ஸ்டூடியோவுக்கே அக்காவை அழைத்து வந்தாள். தீவுச் சொந்தங்களுக்குக் காட்டப் படம் வேண்டுமாம். "நிறம் இன்னும் வேண்டும்."

முதலாளி எத்திராஜ் அண்ணனுக்குக் கொண்டாட்டம். "இன்னாம்மா வடிவு முறைக்கிறே? கல்யாணம்னா செவுத்துக்கே வெள்ளையடிக்கிறோம். உங்க அக்காவுக்கு அடிச்சா இன்னா?"

அடித்தேன். ஆம், நான்தான். நெகட்டிவில் முகத்தின்மேல் மெல்லிய பிரஷ்ஷால் சிவப்புச் சாயம் பூசினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும்; இதுதான் டச்சிங். நெற்றி, கன்னம், கழுத்து. அக்காவை எல்லோரும் "கருவாச்சி" என்று கூப்பிட்டபோது சண்டை போட்டவள் நான். என் கையே அவளை அழித்தது.

அந்தம்மாளும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். விளக்குச் சூட்டில் வியர்த்தது. பிடரியில் முடி நனைந்து, சின்னச் சின்ன வளையமாகச் சுருண்டது. காதோரம் சூட்டுத் தழும்பு. இரும்புச் சீப்பைக் காய்ச்சித் தினமும் நீவி எடுக்கிறாள் போலிருக்கிறது. நான் பார்த்ததை அவள் பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தலையைப் போர்த்திக்கொண்டாள்.

வீட்டில் சொன்னேன். "சும்மா கெடடி. நம்ம கலருக்கு இவங்களாவது வந்தாங்களே," என்றாள் அம்மா.

8 ஜூன்

கல்யாணம் முடிந்து அக்கா போய்விட்டாள். மீனம்பாக்கத்தில் என் கையை விடவே இல்லை.

20 செப்டம்பர்

அக்காவின் கடிதம். நான் டச்சிங் செய்த படத்தைக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறார்களாம். "வர்றவங்க படத்தப் பாத்துட்டுப் போறாங்க. நான் உள்ளயே கீறேன். வெயில்ல போவக் கூடாதாம். கோயிலுக்குக்கூட."

ஏன் உள்ளே? படமும் ஆளும் ஒன்றாக ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. அதனால்தான். எனக்குப் பயமாக இருக்கிறது.

3 டிசம்பர்

அக்கா முழுகாமல் இருக்கிறாள். அம்மா குங்குமப்பூ வாங்கிப் பார்சல் அனுப்பினாள், பிள்ளை சிவப்பாகப் பிறக்க. தீவுக்காரர்களைத் திட்ட எங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

14 மே 1987

கடிதம் வந்தது. அக்கா எழுதவில்லை. லோகநாயகி.

பெண் குழந்தையாம். கறுப்பாம். முடி மிளகு மிளகாகச் சுருண்டிருக்கிறதாம். "கூடத்தில் உள்ள படத்தைப் பார்த்து எல்லோரும் கேட்கிறார்கள். தாயும் வெளுப்பு, தகப்பனும் வெளுப்பு, இது எங்கிருந்து வந்தது என்று. தோட்டத்தில் கறுப்பு ஆட்கள் வேலை செய்கிறார்கள். பத்மா எதுவும் சொல்ல மறுக்கிறாள்."

அடிப்பாவி. ஒரு வீட்டில் ஒரு பெண்ணைக் கொல்லப் போதுமான வாக்கியம் இது. தன் பிடரியில் இருப்பதை என் அக்காவின் வயிற்றில் போடுகிறாள். அதற்குச் சாட்சி யார்? நான் பூசிய படம்.

அடிமைகளை விட்டு நூற்றைம்பது வருஷமாகிறது. அவர்கள் பேத்தியின் தலைமுடியை இன்னும் விடவில்லை.

15 மே

நெகட்டிவைத் தண்ணீரில் போட்டுக் கழுவினேன். சாயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தட்டு முழுவதும் சிவந்தது. பிரிண்ட் போட்டேன். கரைசலுக்குள்ளிருந்து அக்கா வந்தாள். கறுப்பாக. அவளாக.

அந்தம்மாளின் நெகட்டிவையும் தேடி எடுத்தேன். போர்த்துவதற்கு முன் எடுத்தது. பிடரிச் சுருள் தெரிகிறது.

அப்பா தடுத்தார். "அனுப்பாதம்மா. அவ அங்க தனியா மாட்டிகினு கீறா. உண்மையச் சொன்னா அவ மேலதான் பாய்வாங்க."

சொல்லாவிட்டால்?

பட்டாபிராம் பக்கம் கூட்ஸ் வண்டி கூவியது. அப்பா திடுக்கிட்டு எழுந்து நின்றார்.

18 மே

இரண்டு படங்களையும் ரகுநாதன் பேருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கவுன்டரில் குமாஸ்தா முத்திரை குத்தினார். நல்லது செய்தேனா? கத்தியைக் கொடுத்தேனா?

29 ஜூன்

பெற்றுக்கொண்டதற்கான அட்டை வந்தது. கையெழுத்து அக்காவுடையதும் இல்லை, ரகுநாதனுடையதும் இல்லை. எல். என்று ஒரு எழுத்து.

6 ஆகஸ்ட்

தந்தி கொடுத்தோம். பதில் இல்லை.

17 செப்டம்பர்

டிரங்க் கால் புக் செய்து மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். லைன் கிடைத்தது. ஒரு குழந்தை அழுவது கேட்டது. யாரோ ரிசீவரை வைத்துவிட்டார்கள். அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "கொழந்த கீதுடி. கொழந்த கீது." அக்கா?

25 அக்டோபர்

ஐந்தாவது கடிதம். ஒவ்வொரு முறையும் இதையேதான் எழுதுகிறேன். இங்கே பிரதி வைக்கிறேன்:

ரகுநாதன் அவர்களுக்கு. என் அக்கா பத்மாவையும் அவள் மகளையும் வீட்டுக்கு வெளியே, வெயிலில் நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். இருவர் கண்ணும் திறந்திருக்க வேண்டும். டச்சிங் கூடாது.