தொண்ணூற்று நான்காம் வருஷத்து மாடல்

திருப்பருத்திக்குன்றம்,
காஞ்சிபுரம்.

மரியாதைக்குரிய திருஞானசம்பந்தம் அண்ணன் அவர்களுக்கு, துர்கா எழுதுவது. வணக்கம். தென்காசியில் நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் டிராக்டரை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, போனில் விவரம் கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற விவரம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூற்று நான்காம் வருஷத்து மாடல். முப்பத்தைந்து குதிரைசக்தி, மூன்று சிலிண்டர். முன்னால் போக எட்டு கியர், பின்னால் வர இரண்டு. பவர் ஸ்டியரிங் கிடையாது, திருப்பத் தோளில் பலம் வேண்டும். வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்கு டிரெய்லர் நிறைய நெல் ஏற்றிப் போனாலும் மூச்சு வாங்காது. என் வீட்டுக்காரர் சீனிவாசன் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தட்டில் சோறு ஆறிப்போகும். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம்.

ஸ்டியரிங்கில் சுற்றியிருக்கும் சிவப்புப் பட்டு நூல் என் தறியில் மிஞ்சியது. வெயிலில் கை சுடுகிறது என்றார், சுற்றிவிட்டேன். வேண்டாமென்றால் அவிழ்த்துவிடுங்கள்.

இன்னொரு விவரம். அதைச் சொல்லிக்கினு இருந்தா வண்டி விலை போவாதுமா என்று தரகர் வரதராஜன் தடுத்தார். இந்த மாடல் கியரில் இருந்தாலும் ஸ்டார்ட் ஆகும். சாவி சுவிட்ச் கெட்டுப்போயிருந்தது. ஹேண்ட் பிரேக் பிடிக்காது, அதனால் என் வீட்டுக்காரர் கியரிலேயே நிறுத்துவார். கீழே நின்றபடி ஸ்டார்ட்டர் மோட்டாரில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஸ்டார்ட் செய்வார். இந்தப் பக்கம் நிறைய பேர் அப்படித்தான். அறுப்பு முடிஞ்சதும் மாத்திக்கினா போவுது என்றார். தை மாதம் ஒருநாள் காலையில் கியரை எடுக்க மறந்துவிட்டார். பின்சக்கரத்துக்கு முன்னால் நின்றிருந்தார், ஸ்டார்ட் ஆனதும் வண்டி நகர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேலை இருக்கவில்லை. நான் ஓடிப்போனபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கத் தெரியும். அணைத்தேன்.

அழுதுவிடு என்கிறார்கள் எல்லாரும். வரவில்லை, அண்ணா. காரியம் முடிந்த மறுநாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு சுவிட்சையும் பிரேக்கையும் மாற்றினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. அவ்வளவுதான் வேலை. இப்போது சாவி போட்டால் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகிறது.

வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம். வாங்கினால் ஒன்று மட்டும் செய்யுங்கள். சாவி அண்ணியிடமே இருக்கட்டும். நீங்கள் ஏறி, சீட்டில் உட்கார்ந்த பிறகு அவர்கள் கையால் கொடுக்கட்டும். நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சீனிவாசன் மனைவி
துர்கா